மஞ்சள் வண்டிகளையும் எண்ணுங்கள்: ஹெலிகாப்டர் கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இராணுவத்துக்கு யூட்டிலிட்டி ஹெலிகாப்டர் வாங்கும் பொறுப்பில் இருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் 26 வருடம் ஹெலிகாப்டருக்கு அடியிலும் மேலேயும் கிடந்தவன். விமானி இல்லை, அதிகாரியும் இல்லை. முதலில் ஏர்ஃபிரேம் என்னும் உடல்கூடு, பிறகு மேலே சுற்றும் ரோட்டர், கடைசி எட்டு வருடம் ஹேங்கர் மேற்பார்வை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுத முடிகிறது. பணியில் இருந்தபோது இதே விஷயத்தை மூன்று முறை குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மூன்றும் ‘பார்வையிடப்பட்டது’ என்ற கையெழுத்தோடு ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.

ஆள் ஏற்ற, சரக்குத் தூக்க, அடிபட்டவரைக் கொண்டுவர என்று எல்லா வேலைக்கும் ஓடும் இந்த ரக ஹெலிகாப்டரை வாங்கப் போவதாக நீங்கள் அறிவிக்கும்போது எத்தனை வாங்குகிறீர்கள், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு உயரம் போகும், கொக்கியில் எத்தனை கிலோ தொங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் கண் தேடுவது வேறு. ஜாக் எத்தனை செட்? ஹெலிகாப்டரை வண்டியோடு இணைத்து இழுக்கும் டோ பார் எத்தனை? ஹைட்ராலிக் டெஸ்ட் ஸ்டாண்ட் உண்டா? பிளேடுகளைப் பிடித்திருக்கும் ரோட்டர் ஹெட்டைத் தூக்கும் ஸ்லிங் (தூக்கு வார்) எந்த மாதம் வரும்? அந்த வரியை நான் எந்த அறிவிப்பிலும் பார்த்ததில்லை. நாங்கள் இவற்றை மொத்தமாக மஞ்சள் வண்டிகள் என்போம். பெரும்பாலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வருவதால் வந்த பெயர். சக்கரம் இல்லாத ஸ்பானர் பெட்டியும் எங்கள் கணக்கில் மஞ்சள் வண்டிதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கே, எப்போது என்று கேட்காதீர்கள். யாரையும் மாட்டிவிட நான் எழுதவில்லை. புது ரகம் ஒன்று, நான்கு ஹெலிகாப்டர்கள், வந்து இறங்கின. பேண்டு வாசித்தார்கள், படம் எடுத்தார்கள், விருந்தினர்கள் கிளம்பினார்கள். ஐந்தரை மணிக்கு வானம் கருத்தது. நான்கையும் ஹேங்கருக்குள் கொண்டுபோக வேண்டும். டோ பாரைக் காணோம். விசாரித்தால், தரைக் கருவிகள் ஒப்பந்தத்தில் தனி இணைப்பாம். டெலிவரி 11 மாதம் கழித்தாம். பழைய ரகத்தின் டோ பாரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். வால் சக்கரத்தில் அதன் பின் நுழையவில்லை. அன்று நனைந்துகொண்டே கையால் தள்ளினோம். அடுத்த வாரம் எங்கள் வெல்டிங் ஷாப்பில் சொந்தமாக ஒரு டோ பார் செய்தோம். வேலை அத்தனை சுத்தம். பார்க்க வந்த அதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தார்.

அசல் டோ பாரில் ஷியர் பின் என்று ஒன்று இருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. இழுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் திருப்பத்தில் அளவுக்கு மேல் ஒடித்துவிட்டாலோ, வால் சக்கரப் பூட்டை எடுக்க மறந்துவிட்டாலோ, முதலில் அறுந்துபோவதற்கென்றே செய்த பின் அது. பின் போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். சக்கரக் கால் தப்பிவிடும். எங்கள் டோ பாரில் அந்த இடத்தில் நல்ல கெட்டியான எஃகு போல்ட் போட்டிருந்தோம். பலமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். ஏழாவது வாரம் ஒரு பையன் பூட்டை எடுக்காமல் திருப்பினான். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் சக்கரத்தின் கவட்டையில் விரிசல். மாற்றுக் கவட்டை வர நான்கரை மாதம் ஆனது. அதுவரை நான்கில் ஒன்று, வாலை மரக்கட்டை மேல் வைத்துக்கொண்டு மூலையில் நின்றது.

விசாரணை நடந்தது. அந்தப் பையன் பெயரில் ஒரு பத்தி எழுதினார்கள். மறந்தது அவன்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த டோ பாரை அவன் கையில் கொடுத்த எனக்கு ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு தேதியும் டோ பாருக்கு வேறு தேதியும் போட்டுக் கையெழுத்திட்டவருக்கும் ஒன்று.

ஒரு ஹெலிகாப்டருக்கு இத்தனை கருவியா என்று கேட்பீர்கள். பிளாக் ஹாக்கை எடுத்துக்கொள்வோம். 1979-இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து இன்றும் பல நாடுகளில் பறப்பது. அதன் டி700 எஞ்சினில் பவர் டர்பைன் நிமிடத்துக்கு 20,900 சுற்று சுற்றும். மேலே இருக்கும் மெயின் ரோட்டர் சுற்றுவது 258. நடுவில் 81 மடங்கு வேகத்தைக் குறைத்து, அதே அளவுக்கு முறுக்கைக் கூட்டித் தருவது பல்சக்கரங்கள். ரோட்டரில் நான்கு பிளேடு. கணக்குப் போட்டால் நொடிக்கு 17 தட்டு அந்த உடம்பில் விழுகிறது. ஒரு மணி நேரம் பறந்தால் 60,000-க்கு மேல். இத்தனை தட்டு வாங்கினால் நட் தளரும், பைப்போடு பைப் உரசும், வயரின் உறை தேயும். ரிவெட்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு தீற்றல் விழும். ‘ரிவெட் புகைகிறது’ என்போம். உள்ளே அது ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாதாரண விமானத்தில் இறக்கை அதன்பாட்டுக்கு நிற்கும். இதில் இறக்கையே சுற்றுகிறது. அதைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் யாராவது ஒருவர் ஏறிப் போய்க் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சரி என்று எழுத வேண்டும். அவர் ஏற ஒரு ஸ்டாண்ட் வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் பிளேடுகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்கக் கொடிதான் இருந்தது. நீளமான கம்பம், அதில் மேலும் கீழுமாக இரண்டு கை, நடுவில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் ஒவ்வொரு நிறச் சாக்கைப் பூசிவிட்டு எஞ்சினை ஓட்டுவார்கள். கொடி பிடிப்பவர் கம்பத்தைத் தரையில் ஊன்றி, மெதுவாகச் சாய்த்து, சுற்றிக்கொண்டிருக்கும் நுனிகளைத் துணி தொடும்படி விடுவார். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம், உடனே பின்னால் இழுத்துவிட வேண்டும். துணியில் நீலம் ஓரிடத்தில் இருக்கும், சிவப்பு இரண்டு விரல் கீழே இருக்கும். தாழ்ந்து சுற்றும் பிளேடின் சாய்வை மாற்றும் தண்டான பிட்ச் லிங்க்கைக் கொஞ்சம் திருகி, மறுபடி ஓட்டி, மறுபடி கொடி. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மூத்தவர் சொல்வார்: “தம்பி, துணியைப் பார்க்காதே. துணி எங்கேயும் ஓடிப்போகாது. பிளேடைப் பார்.” முதல் தடவை கம்பத்தைப் பிடித்தபோது என் முழங்கால் ஆடியது, கம்பமும் சேர்ந்து ஆடியது.

பிறகு ஸ்ட்ரோப் விளக்கு வந்தது, அதற்குப் பிறகு அதிர்வு அளக்கும் பெட்டி. அதிர்வை நொடிக்கு இத்தனை அங்குலம் என்று சொல்லும், 0.2-க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் நிம்மதி. கொடி பிடித்து அரை நாள் போராடிய வேலை அதில் இரண்டு ஓட்டத்தில் முடியும். அருமையான கருவி, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களுக்குக் கொடுத்தது ஒரு பெட்டி. தளங்கள் இரண்டு. பெட்டி இன்னொரு தளத்துக்குப் போயிருக்கும்போது, பிளேடு மாற்றிய ஹெலிகாப்டர் அது திரும்பும்வரை நிற்க வேண்டும். அந்தப் பெட்டியில் முதலில் கெடுவது கேபிள். உதிரிக் கேபிளை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. கடைசியில் ஒருநாள் ஸ்டோரில் தேடி, தூசி தட்டி, பழைய கொடியை எடுத்தோம். இளம் பையன்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹைட்ராலிக் டெஸ்ட் ஸ்டாண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே இருப்பவர்களுக்கு அது வெறும் பம்ப். எஞ்சினை ஓட்டாமல், தரையில் வைத்தே கண்ட்ரோல்களை அசைத்துப் பார்க்க அது வேண்டும். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெயை ஹெலிகாப்டருக்குள் அனுப்பித் திரும்ப வாங்கும். அந்த எண்ணெய் எவ்வளவு சுத்தம் என்பதை 100 மில்லிலிட்டரில் எத்தனை துகள், எந்த அளவுத் துகள் என்று எண்ணித்தான் சொல்வோம். 5 மைக்ரானிலிருந்து எண்ண ஆரம்பிப்போம். தலைமுடி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். எண்ணெய் அழுத்தத்தால் கண்ட்ரோலை அசைக்கும் சர்வோவுக்குள் நகரும் சிறு உருளையான ஸ்பூலின் இடைவெளி அத்தனை குறுகல். ஸ்டாண்டின் ஃபில்டரை நேரத்தில் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு ஹெலிகாப்டரில் மாட்டுவீர்கள், மதியம் அடுத்தது, மறுநாள் மூன்றாவது. ஒரு ஸ்டாண்டின் அழுக்கு மூன்று ஹெலிகாப்டரின் கண்ட்ரோல் சிஸ்டத்துக்குள் போய்விடும். எங்களுக்கு இது நடந்தது. ஃபில்டர் கேட்டு எழுதிய இன்டென்ட் ‘ஹெலிகாப்டர் உதிரிப்பாகம் அல்ல’ என்ற காரணத்தால் திரும்பி வந்திருந்தது. எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அது ஹெலிகாப்டரின் பாகம் இல்லை. மூன்றையும் ஃபிளஷ் செய்ய எத்தனை பீப்பாய் எண்ணெய் போனது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஜாக்கும் அப்படித்தான். மூன்று கால் ஜாக்கை மூன்று இடத்தில் வைத்துத் தூக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், நடுவில் மட்டம் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர். ஏற ஏறப் பூட்டு வளையத்தைத் திருகிக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். சீல் கசிந்து ஜாக் இறங்கினாலும் வளையம் தாங்கிக்கொள்ளும். சீல் கசியும் ஜாக்கை அந்த வளையத்தை நம்பியே வருடக்கணக்கில் ஓட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

வடிவமைப்பவர்கள் எல்லோரும் எங்களை மறந்தவர்கள் இல்லை. 1961-இல் முதலில் பறந்த சோவியத் ஹெலிகாப்டரான மி-8-இல் எஞ்சின் மூடியைத் திறந்து கீழே சாய்த்தால் அதுவே நின்று வேலை பார்க்கும் பலகை. ஸ்டாண்ட் இல்லாத பனிவெளியிலும் எஞ்சினைத் தொடலாம். அந்தக் குடும்பத்தில் 17,000-க்கு மேல் தயாரித்து, இன்னும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த மாதிரி யோசனையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. டி700 எஞ்சின் வியட்நாம் போர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் பிறந்தது. அங்கே ஹியூயி ரக ஹெலிகாப்டர்கள் தூசி தின்று எஞ்சின் எஞ்சினாகக் கழற்றப்பட்டன. அதனால் புதிய எஞ்சினில் தூசியைப் பிரித்து வெளியே தள்ளும் அமைப்பைக் கூடவே பிறக்கவைத்தார்கள். முழு எஞ்சினையும் நான்கு மாட்யூல்களாகப் பிரித்து, கெட்டுப்போனதை மட்டும் மாற்றும்படி செய்தார்கள். களத்தில் செய்யும் வேலைக்குச் சாதாரணக் கைக்கருவிகளே போதும் என்று வைத்தார்கள். ஸ்பானர் பிடிப்பவனின் பேச்சை யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

அதே போரில் இன்னொன்றும் செய்தார்கள். கடல் விமானங்களைப் பராமரித்த பழைய கப்பல் ஒன்றை மாற்றியமைத்து, ‘கார்ப்பஸ் கிறிஸ்டி பே’ என்று பெயர் வைத்து, 1966-இல் வியட்நாம் கடற்கரைக்கு அனுப்பினார்கள். உள்ளே முழுக்க ஹெலிகாப்டர் பட்டறை. மேலே ஹெலிகாப்டர் இறங்கும் தளம். உடைந்த பாகம் கடல் கடந்து தாய்நாடு போய் வருவதற்குப் பதில் பட்டறையே கடல் கடந்து வந்தது. எல்லோராலும் கப்பல் அனுப்ப முடியாது. நான் கேட்பது டோ பார்.

இதன் மறுபக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. நார்வே 2001-இல் ஐரோப்பியத் தயாரிப்பான என்எச்90 ஹெலிகாப்டர் 14-க்கு ஒப்பந்தம் போட்டது. 2022 ஜூனில் அந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டு, ஹெலிகாப்டர்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. வருடத்துக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டிய இடத்தில் அண்மை வருடங்களில் சராசரி 700 மணி நேரம்தான் பறந்தது என்று அந்த அரசு சொன்னது. தயாரித்தவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவும் பல வருடக் குறைகளுக்கும் 2023-இல் நால்வரைப் பலிகொண்ட ஒரு விபத்துக்கும் பிறகு, அதே குடும்பத்து ஹெலிகாப்டர்களைக் குறித்த காலத்துக்கு முன்பே ஓய்வு கொடுத்துவிட்டு பிளாக் ஹாக்குக்குப் போய்விட்டது. பறக்கும்போது நல்ல இயந்திரம் என்று விமானிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பறக்காதபோது என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் பாடு.

பராமரிப்பையே மொத்தமாக வெளியே கொடுத்துவிட்டால் என்ன என்று உங்களில் ஒருவர் இந்நேரம் நினைத்திருப்பார். தலைமைத் தளத்தில் சரி, சில வேலைகளுக்கு அது நல்லதுகூட. ஆப்கானிஸ்தானில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கிருந்த மெக்கானிக்குகளுக்கு மி-8 குடும்பத்து மி-17 கைவந்த வேலை. பிறகு பிளாக் ஹாக் கொடுத்தார்கள். அதன் பராமரிப்பு ஏறக்குறைய முழுக்க ஒப்பந்தக்காரர் கையில். 2021-இல் ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நிற்க ஆரம்பித்தன. மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ள அவர்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

பெரிய கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சின்னது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ரகங்களில் பிளேடின் உள்ளே ஓடும் ஸ்பார் உட்குழாயாக இருக்கும். அதற்குள் நைட்ரஜனை அழுத்தி அடைத்து, பிளேடின் அடியில் ஒரு காட்டியை வைத்திருப்பார்கள். ஸ்பாரில் விரிசல் விட்டால் அழுத்தம் இறங்கும், பிளாக் ஹாக்கில் மஞ்சள் பட்டைகள் இருந்த இடத்தில் சிவப்புத் தெரியும். அது உண்மையில் விரிசலா, அல்லது எங்கோ ஒரு சீல் வழியாக மெல்லக் கசிந்ததா என்று சொல்ல, தரையில் வைத்துப் பார்க்க வேண்டும்; அதற்கு ஒரு கேஜ், நைட்ரஜன், பொறுமை மூன்றும் வேண்டும். 1980 ஏப்ரல் 24 இரவு, ஈரானில் இருந்த பிணைக்கைதிகளை மீட்க நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஆர்எச்-53டி ஹெலிகாப்டர்கள் கிளம்பின. அது யூட்டிலிட்டி ரகம் இல்லை, பெரிய வண்டி. ஆனால் பிளேடுக்குள் இதே நைட்ரஜன். ஒன்றில் பிளேடு எச்சரிக்கை வந்தது. பாலைவனத்தில் இறங்கி, ஹெலிகாப்டரை அங்கேயே விட்டுவிட்டு வேறொன்றில் ஏறிப் போனார்கள். இன்னொன்று தூசிப் படலத்தில் சிக்கித் திரும்பியது. மூன்றாவதில் ஹைட்ராலிக் கோளாறு. குறைந்தது ஆறு வேண்டும் என்பது திட்டம். கையில் இருந்தது ஐந்து. நடவடிக்கையைக் கைவிட்டார்கள். நடுப் பாலைவனத்தில் அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல நான் யார்? எச்சரிக்கை உண்மையா என்று அங்கே நின்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

கியர்பாக்ஸில் சிப் டிடெக்டர் என்று ஒரு காந்த முளை இருக்கும். எண்ணெயில் உலோகத் துகள் வந்தால் அதில் ஒட்டும். கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்போம். முடி மாதிரி மெல்லியதாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதிலாக இருந்தால் கவலை. 2009 மார்ச் 25 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு சூப்பர் பூமாவின் கியர்பாக்ஸில் ஒரே ஒரு துகள் கிடைத்தது. அது சிவில் ஹெலிகாப்டர்தான், ஆனால் அந்தக் குடும்பம் பல இராணுவங்களில் பறக்கிறது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டதில் புரிதல் பிசகி, துகள் எங்கிருந்து வந்தது என்று கியர்பாக்ஸின் அந்தப் பகுதியைத் திறந்து பார்க்காமலேயே பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 1 அன்று கியர்பாக்ஸ் உடைந்து ரோட்டர் பிய்ந்துபோனது. 16 பேர் இறந்தார்கள். துகளைப் பார்த்த கை ஒன்று, அது என்னவென்று முடிவு செய்யும் தலை வேறெங்கோ. தொலைவிலிருந்து ஆலோசனை தருகிறோம் என்று விற்பனையாளர் ஒப்பந்தத்தில் ஒரு வரி போடும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

கருவி மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2019 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு பிளாக் ஹாக், பராமரிப்புக்குப் பிந்தைய சோதனைப் பறப்பில் விழுந்து மூவர் இறந்தார்கள். எஞ்சினின் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் யூனிட்டைச் சரியாகப் பொருத்தவில்லை என்பதும், எஞ்சின் நின்றபோது சமாளித்த விதம் சரியில்லை என்பதும் விசாரணையில் வந்தன. உலகிலேயே அதிகக் கருவி வைத்திருக்கும் படை அது. கருவி குறைந்ததால் அந்த விபத்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கைக்கு எட்டாத மூலையில், விரல் நுனியால் தடவி ‘உட்கார்ந்துவிட்டது’ என்று முடிவு செய்யும் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் காலுக்கு அடியில் ஆடாத ஸ்டாண்டும், தலைக்கு மேல் நல்ல வெளிச்சமும், கையில் ஒரு கண்ணாடியும் இருக்க வேண்டும். இதைக்கூடக் கொடுக்காமல் அவனைக் குற்றம் சொல்ல வராதீர்கள்.

ஸ்பானர் பெட்டிக்கு வருகிறேன். எங்கள் பெட்டியில் ஒவ்வொரு டிராயரிலும் ஃபோம் வெட்டி, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் டிராயரைத் திறந்தால், காலிப் பள்ளம் முகத்தில் அறையும். ஒருநாள் இரவு ஒன்பதுக்குக் கணக்குப் பார்த்தபோது ஒரு 13 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் காணோம். அன்று வேலை நடந்தது கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், கண்ட்ரோல் ராடுகள் மேலும் கீழும் போகிற இடத்தில். அங்கே அது விழுந்து கிடந்தால் ஒரு ராடு சிக்கிக்கொள்ளப் போதும். அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பேனல் பேனலாகக் கழற்றினோம். கண்ணாடி விட்டுப் பார்த்தோம், காந்தம் விட்டுத் துழாவினோம், சந்துக்குள் நுழைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப்பை விட்டோம். இரண்டு நாள். கிடைக்கவில்லை. கடைசியில் ஹெலிகாப்டருக்குள் இல்லை என்று நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பறந்தது. முதல் பறப்பில் நானும் ஏறிக்கொண்டேன். என் கையெழுத்து இருந்ததே.

இனி என் வேண்டுகோள்கள். ஹெலிகாப்டருக்கும் அதன் தரைக் கருவிக்கும் ஒரே டெலிவரித் தேதி போடுங்கள். கருவி வரவில்லையென்றால் ஹெலிகாப்டரை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டாம், பேண்டுக்காரர்கள் காத்திருக்கட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே நான் எழுதியதில் பாதி தீர்ந்துவிடும்.

எத்தனை செட் என்பதை ஹெலிகாப்டரின் எண்ணிக்கையை வைத்து வகுக்காதீர்கள், இடத்தை வைத்து எண்ணுங்கள். 12 ஹெலிகாப்டர் ஒரே தளத்தில் நின்றால் இரண்டு செட்டில் ஓட்டிவிடுவோம். அதே 12 மூன்று இடத்தில் நாலு நாலாக நின்றால் மூன்றும் போதாது, நான்கு வேண்டும். ஏனென்றால் போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சும் கேஜும் அளவு சரிபார்க்க லேபுக்குப் போய்வரும், அது எப்போதும் ஒரு செட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அந்த லேபும் நம் நாட்டிலேயே இருக்க வேண்டும். தேதி காலாவதியான டார்க் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டர் ஹெட் போல்ட்டை முறுக்கியவனின் தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

கருவிகளுக்கும் உதிரி வாங்குங்கள். ஜாக்குக்கு சீல், ஸ்டாண்டுக்குச் சக்கரம், டெஸ்ட் ஸ்டாண்டுக்கு ஃபில்டர், அதிர்வுப் பெட்டிக்குக் கேபிள், கடற்கரையில் பறந்துவிட்டு வந்தால் எஞ்சினைக் கழுவும் வண்டிக்கு ஹோஸ். சில்லறைச் சாமான்தான். இன்டென்ட் திரும்பி வராமல் இருக்க, இவற்றையும் ஹெலிகாப்டர் உதிரிப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

‘பழைய கருவியே பொருந்தும்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்பலாம், சில விஷயங்களில். தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பிளக், 28 வோல்ட்டானாலும் 400 ஹெர்ட்ஸ் ஆனாலும், பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒரே அச்சு. ஸ்லிங், பிளேடு மடிக்கும் கிட், டோ பார் இவையெல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். பொருந்தும் என்றால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, தேர்வுக் குழுவில் ஒரு மெக்கானிக்கை உட்கார வையுங்கள். சோதனைக்கு வரும் ஒவ்வொரு ரகத்தையும் விமானிகள் மலைமேலும் மணலிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதோடு ஒரு இரவு எங்களுக்கும் கொடுங்கள். திறந்த வெளி, விலைப் பட்டியலில் இருக்கும் கருவிகள் மட்டும், நான்கு பேர். ஒரு எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் யாராவது ‘ஒரு நிமிடம், எங்கள் கம்பெனி வேனில் ஒரு ஸ்பெஷல் டூல் இருக்கிறது’ என்று நகர்ந்தால், அந்த டூலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாதது அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு ரோட்டர் மெக்கானிக்

பி.கு.: அந்த 13 மில்லிமீட்டர் சாக்கெட் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. பக்கத்து செக்‌ஷனின் பெட்டியில், அதன் ஃபோம் பள்ளத்தில், எங்கள் எண் பொறித்தபடி, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய சாக்கெட் ஒரு வருடத்துக்கு முன்பே உடைந்துவிட்டதாம். வேறு கேட்டு எழுதியிருந்தார்களாம்.